ஆக்டர்ஸ் ஈக்விட்டி சங்கம்: உறுப்பினர் விதிகளும் மேடை ஒப்பந்தமும்

ஆக்டர்ஸ் ஈக்விட்டி சங்கம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் தொழில்முறை நாடக மேடையில் பணிபுரியும் நடிகர்களுக்கும் மேடை மேலாளர்களுக்கும் உரிய தொழிற்சங்கமாகும். 1913ஆம் ஆண்டு மே 26 அன்று நியூயார்க் நகரில் 112 நடிகர்கள் கூடி இதனைத் தொடங்கினர். இன்று இதில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உறுப்பினராக உள்ளனர். ‘ஈக்விட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நியாயம், நேர்மையான பங்கு என்பது பொருள். பங்குச் சந்தையில் வழங்கும் ஈக்விட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பேச்சு வழக்கில் இச்சங்கம் ‘ஈக்விட்டி’ என்றே அழைக்கப்படுகிறது.

பிரித்தானியாவில் 1930இல் தோன்றிய நடிகர் சங்கமும் ஈக்விட்டி என்றே பெயர் கொண்டது. இரண்டும் தனித்தனி அமைப்புகள். இக்கட்டுரை அமெரிக்கச் சங்கத்தைப் பற்றியது. அச்சங்கத்தில் ஒருவர் எவ்வாறு உறுப்பினராகிறார், அவருக்காகச் சங்கம் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, தன் விருப்பத்தின் பேரில்கூட ஒரு நடிகர் குறைந்த ஊதியத்துக்கு நடிக்கக் கூடாது என்று சங்கம் ஏன் தடுக்கிறது ஆகியவற்றை இது விளக்குகிறது.

சங்கம் தோன்றுவதற்கு முந்தைய நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாடகத் தொழில் பெருவணிகமாக மாறியது. நாடக அரங்குகளும் சுற்றுப்பயண வழிகளும் ஒரு சில முதலாளிகளின் கைக்குள் வந்தன. அவர்களைப் பகைத்துக்கொண்ட நடிகருக்கு வேறு இடத்தில் வேலை கிடைப்பது அரிதாயிற்று.

அக்காலத்தில் ஒத்திகைக்கு ஊதியம் கிடையாது. ஒத்திகை எத்தனை வாரம் நடக்கலாம் என்பதற்கு வரம்பும் கிடையாது. பல வாரங்கள் ஊதியமின்றி ஒத்திகை பார்த்த பின் நாடகம் சில நாள்களிலேயே நின்றுவிட்டால் அந்த உழைப்பு முழுவதும் வீண். ஆடை, காலணி முதலியவற்றை நடிகரே தம் செலவில் வாங்க வேண்டும் என்பதும் பரவலான வழக்கம். விடுமுறை நாள்களில் கூடுதல் காட்சிகள் நடந்தால் அதற்குத் தனி ஊதியம் இல்லை. கிறித்துமசுக்கு முந்தைய வாரத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும் பார்வையாளர் குறைவு என்று காரணம் கூறிப் பாதிச் சம்பளம் கொடுத்தனர். முதலாளிக்குத் ‘திருப்தி’ இல்லை என்றால் முன்னறிவிப்பின்றி நீக்கலாம் என்ற பிரிவும் ஒப்பந்தங்களில் இருந்தது.

இவை எல்லாவற்றையும்விட நடிகர்கள் அஞ்சியது வெளியூரில் கைவிடப்படுவதைத்தான். சுற்றுப்பயணத்தின் நடுவில் பணம் தீர்ந்துவிட்டால் நிறுவனத்தார் குழுவை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவர். ஊர் திரும்பும் ரயில் கட்டணத்துக்கு நடிகர்களே வழி தேட வேண்டும்.

தோற்றமும் 1919ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும்

1913இல் சங்கம் தொடங்கியபோது நகைச்சுவை நடிகர் பிரான்சிஸ் வில்சன் அதன் முதல் தலைவரானார். தொடக்கத்தில் பல உறுப்பினர்கள் தம்மைத் தொழிலாளர் என்று கருதத் தயங்கினர். கலைஞன் எங்கே, தச்சனும் கொத்தனும் சேரும் தொழிற்சங்கம் எங்கே என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது. 1917இல் தயாரிப்பாளர் அமைப்பு ஒன்றுடன் பொது ஒப்பந்தப் படிவம் ஒன்று உடன்பாடாயிற்று. ஆனால் நடைமுறையில் அதனைப் பலர் பின்பற்றவில்லை. மீறினால் என்ன ஆகும் என்ற அச்சம் இல்லாத ஒப்பந்தம் வெறும் காகிதம் என்பதை நடிகர்கள் அப்போது உணர்ந்தனர்.

1919இல் சங்கம் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பில் இணைந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று மாலை, திரை உயர வேண்டிய நேரத்தில், நியூயார்க்கின் பல அரங்குகளில் நடிகர்கள் மேடை ஏற மறுத்தனர். நின்றுபோன நாடகங்களுள் பெரும் வெற்றியுடன் ஓடிக்கொண்டிருந்த ‘லைட்னின்’ என்பதும் ஒன்று. அதன் நாயகன் பிராங்க் பேக்கன் நீண்ட காலம் சிறு குழுக்களில் அலைந்து முதிய வயதில்தான் புகழ் பெற்றவர். அவரே வேலைநிறுத்தத்தில் இறங்கியது மற்றவர்களுக்கு ஊக்கமளித்தது.

வேலைநிறுத்தம் 30 நாள் நீடித்து எட்டு நகரங்களுக்குப் பரவியது. 37 நாடகங்கள் நின்றன. தொடங்கவிருந்த 16 நாடகங்கள் தடைபட்டன. எத்தல் பேரிமோர், லயனல் பேரிமோர், எட் வின் போன்ற புகழ்பெற்ற நடிகர்கள் சங்கத்தின் பக்கம் நின்றனர். சங்கத்துக்கு நிதி திரட்டுவதற்காக வேலைநிறுத்தம் செய்தவர்களே தனி நிகழ்ச்சிகள் நடத்தினர். நட்சத்திரமும் தயாரிப்பாளருமான ஜார்ஜ் எம். கோகன் எதிர்ப்பக்கம் நின்றார். சங்கத்துக்குப் போட்டியாக ‘ஆக்டர்ஸ் பிடலிட்டி லீக்’ என்ற அமைப்பும் உருவாயிற்று.

குழுவாக ஆடிப் பாடும் கோரஸ் பெண்கள்தான் மிகக் குறைந்த ஊதியம் பெற்றவர்கள். அவர்களுக்காக அவ்வேலைநிறுத்தத்தின்போதே ‘கோரஸ் ஈக்விட்டி’ என்ற தனிச் சங்கம் தொடங்கப்பட்டது. நடிகை மேரி டிரெஸ்லர் அதன் முதல் தலைவர். அது 1955இல் தாய்ச் சங்கத்துடன் இணைந்தது.

மேடைப் பணியாளர்களும் இசைக் கலைஞர்களும் ஆதரவாக வெளியேறிய பிறகு தயாரிப்பாளர்கள் இறங்கிவந்தனர். செப்டம்பர் 6 அன்று உடன்பாடு கையெழுத்தானது. சங்கம் அங்கீகரிக்கப்பட்டது. வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் என்பது அளவாக ஏற்கப்பட்டது. அதற்கு மேல் நடத்தினால் கூடுதல் ஊதியம் தர வேண்டும். ஊதியமில்லா ஒத்திகைக்கும் வார வரம்பு விதிக்கப்பட்டது. பிராட்வேயில் இன்றும் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் என்ற வழக்கமே தொடர்கிறது.

இந்த உடன்பாடு ஐந்தாண்டுக்கு உரியது. 1924இல் அது முடிந்தபோது ஏற்பட்ட புதிய ஏற்பாட்டின்படி, நாடகக் குழுவில் 80 விழுக்காட்டினர் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான தயாரிப்பாளர்களால் ஏற்கப்பட்டது.

அடிப்படை விதி

சங்கத்தின் விதிகள் பல பக்கங்களுக்கு நீளும். அவற்றின் வேர் ஒன்றே. சங்கத்தின் ஒப்பந்தம் இல்லாத மேடையில் உறுப்பினர் பணிபுரியக் கூடாது. ஒப்பந்தத்தில் கூறிய குறைந்த அளவுக்குக் கீழ் எதற்கும் அவர் தனியாக உடன்படவும் கூடாது.

இவ்விதி முதலில் விந்தையாகத் தோன்றும். உழைப்பவர் தாமே முன்வந்து குறைவாகப் பெற்றுக்கொண்டால் மற்றவருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனைப் புரிந்துகொள்வோம். ஒரு பாத்திரத்துக்குப் பத்துப் பேர் வருகின்றனர் என்று கொள்வோம். வாரத்துக்கு ஆயிரம் டாலர் தருவதாகத் தயாரிப்பாளர் கூறுகிறார். ஒருவர் எண்ணூறு போதும் என்கிறார். வீட்டு வாடகை கட்ட வேண்டிய மற்றொருவர் ஐந்நூறுக்கு வருகிறேன் என்கிறார். பெற்றோர் பொருளுதவி உள்ள மூன்றாமவர் ஊதியமே வேண்டாம், மேடை கிடைத்தால் போதும் என்கிறார். மூவரும் தம் விருப்பப்படியே பேசினர். ஆனால் அந்தப் பேரம் முடிந்த பிறகு அந்த ஊரில் நடிப்புக்கு விலை இல்லாமல் போகிறது. நடித்தே வாழ வேண்டியவர் தொழிலை விட்டு விலகுகிறார். ஊதியமின்றி நடிக்க வசதி உள்ளவர் மட்டும் மேடையில் எஞ்சுகிறார்.

நடிப்புத் தொழிலில் வேலையைவிட வேலை தேடுவோர் எப்போதும் அதிகம். மேலும், இத்தொழிலின் மீதுள்ள ஆசையே தொழிலாளியின் பேரவலிமையைக் குறைக்கிறது. ஆகவே பேரம் தொடங்கும் முன்பே ஒரு தரையை அமைத்துவிடுவது சங்கத்தின் வழி. தரைக்கு மேல் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் நடிகரும் அவருடைய முகவரும் பேசிப் பெறலாம். தரைக்குக் கீழே தோண்ட எவருக்கும் உரிமையில்லை.

ஒப்பந்தத்தை மீறிய தயாரிப்பாளர்களின் பெயர்களைச் சங்கம் ‘பணிபுரியாதீர்’ என்ற பட்டியலில் வெளியிடுகிறது. அப்பட்டியலில் உள்ளவரிடம் வேலை செய்யும் உறுப்பினர் மீது சங்கம் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்.

உறுப்பினராகும் வழிகள்

நீண்ட காலம் புதிய நடிகர்களின் குறை ஒன்றே. சங்க அட்டை இருந்தால் வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால்தான் சங்க அட்டை கிடைக்கும். இந்தச் சிக்கலிலிருந்து வெளியேறப் பல வாயில்கள் படிப்படியாக ஏற்பட்டன.

முதல் வழி ஒப்பந்தம். ஒரு தயாரிப்பாளர் ஈக்விட்டி ஒப்பந்தத்தின் கீழ் ஒருவரை வேலைக்கு எடுத்தால் அவர் உறுப்பினராகத் தகுதி பெறுகிறார். தேர்வில் முதல் முறையே தெரிவாகி நேரே பிராட்வே மேடை ஏறுபவர் இவ்வழியில் சேருகிறார்.

இரண்டாம் வழி உடன்பிறப்புச் சங்கங்கள். திரைப்படம், தொலைக்காட்சிக் கலைஞர்களுக்கான சாக்-ஆப்ட்ரா, ஓப்பெரா, நடனக் கலைஞர்களுக்கான சங்கம் போன்றவற்றில் குறிப்பிட்ட காலம் உறுப்பினராக இருந்து, அங்கு வேலையும் செய்தவர் ஈக்விட்டியில் சேர விண்ணப்பிக்கலாம்.

மூன்றாம் வழி உறுப்பினர் வேட்பாளர் திட்டம். இதில் பதிவு செய்துகொண்ட புதியவர், திட்டத்தில் பங்கேற்கும் தொழில்முறை அரங்குகளில் பணிபுரியும் ஒவ்வொரு வாரமும் அவர் கணக்கில் சேரும். முன்பு 50 வாரம் வேண்டும் என்று இருந்தது பின்னர் 25 வாரமாகக் குறைக்கப்பட்டது. இது ஒருவகைப் பயிற்சிக் காலம்.

நான்காம் வழி 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட ‘திறந்த வாயில்’ கொள்கை. சங்கத்தின் எல்லைக்குட்பட்ட பகுதியில் நடிகராகவோ மேடை மேலாளராகவோ ஊதியம் பெற்றுப் பணிபுரிந்ததற்குச் சான்று காட்டினால் போதும். வேலை கொடுத்தவர் ஈக்விட்டி நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. இந்த மாற்றத்துக்குச் சங்கம் வெளிப்படையாகவே காரணம் கூறியது. யார் உறுப்பினராக வேண்டும் என்பதை அதுவரை தயாரிப்பாளர்களின் தேர்வே முடிவு செய்தது. அவர்கள் யாரை வேலைக்கு எடுக்கத் தவறினார்களோ, அவர்களுக்குச் சங்கத்தின் கதவும் மூடியிருந்தது. கறுப்பினத்தவர் உள்ளிட்ட சிறுபான்மைக் கலைஞர்கள் இதனால் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர்.

உறுப்பினர் சேரும்போது ஒருமுறை செலுத்தும் சேர்க்கைக் கட்டணம் ஆயிரம் டாலருக்கு மேற்பட்டது, தவணையில் செலுத்தலாம். அதன் பின் ஆண்டுச் சந்தா உண்டு. ஈக்விட்டி ஒப்பந்தத்தில் பெறும் ஊதியத்தில் ஒரு சிறு விழுக்காடும் சங்கத்துக்குச் செல்லும். வேலை இல்லாத காலத்தில் இந்த விழுக்காடு இல்லை.

சேர்ந்தவுடன் கவனிக்க வேண்டிய மற்றொன்று பெயர். ஒரே தொழிற்பெயரை இரு உறுப்பினர்கள் வைத்துக்கொள்ள இயலாது. ஜோசப் லேன் என்ற இளைஞர் சேர வந்தபோது ஜோ லேன் என்ற பெயரில் ஏற்கனவே ஒருவர் இருந்தார். தாம் நடித்திருந்த ‘கைஸ் அண்டு டால்ஸ்’ நாடகத்தின் நேத்தன் டெட்ராய்ட் என்ற பாத்திரப் பெயரிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அவர் நேத்தன் லேன் ஆனார். பிற்காலத்தில் பிராட்வேயின் முன்னணி நடிகர்களுள் ஒருவராக விளங்கினார்.

உறுப்பினராவதால் வரும் நன்மைகளுள் தேர்வு வாய்ப்பும் ஒன்று. ஒப்பந்தத்தின்படி தயாரிப்பாளர்கள் பாத்திர நடிகர்களுக்கும் கோரஸ் கலைஞர்களுக்கும் திறந்த தேர்வுகள் நடத்த வேண்டும். அங்கு உறுப்பினர்களுக்கு முன்னுரிமை. நேரம் எஞ்சினால் மற்றவர்கள் பார்க்கப்படுவர்.

நன்மைக்கு விலையும் உண்டு. அட்டை பெற்ற நாள் முதல் சங்கம் சாராத மேடைகளில் நடிக்க முடியாது. சிறு ஊர்களில் அத்தகைய மேடைகளே அதிகம். எனவே இளம் நடிகர்களுக்கு ஆசிரியர்கள் கூறும் அறிவுரை, போதிய அனுபவம் பெறும்வரை அட்டைக்கு அவசரப்பட வேண்டாம் என்பதாகவும் இருப்பதுண்டு.

ஒப்பந்த வகைகள்

எல்லா அரங்குக்கும் ஒரே ஒப்பந்தம் அன்று. அரங்கின் அளவு, இடம், இலாப நோக்கு ஆகியவற்றைப் பொறுத்து ஒப்பந்தம் மாறும்.

பிராட்வே: மன்ஹாட்டனில் ஐந்நூறு அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட 41 அரங்குகள் இவ்வகையில் அடங்கும். இவற்றுக்கும் பெரும் சுற்றுப்பயணங்களுக்கும் உரியது ‘தயாரிப்பு ஒப்பந்தம்’ எனப்படும். தயாரிப்பாளர்கள் சார்பில் பிராட்வே லீக் என்ற அமைப்பு பேச்சு நடத்துகிறது. அது 1930இல் நியூயார்க் அரங்குகளின் லீக் என்ற பெயரில் தோன்றியது.

ஆஃப்-பிராட்வே: நியூயார்க்கில் 100 முதல் 499 வரை இருக்கைகள் கொண்ட அரங்குகள். இங்கு ஊதியத் தரை பிராட்வேயைவிடத் தாழ்ந்தது.

வட்டார அரங்குகள்: நாடெங்கும் உள்ள இலாப நோக்கற்ற பெரிய அரங்குகள் 1966இல் ‘லோர்ட்’ என்ற கூட்டமைப்பை உருவாக்கின. இவற்றுக்குத் தனி ஒப்பந்தம் உண்டு. அரங்குகளின் வருவாயைப் பொறுத்து அதில் பல படிநிலைகள் உள்ளன.

சிறு மேடைகள்: நூறு இருக்கைகளுக்கும் குறைந்த இடங்களில், வரையறுத்த எண்ணிக்கையிலான காட்சிகளுக்கு, உறுப்பினர்கள் தம் திறனைக் காட்டும் பொருட்டு மிகக் குறைந்த தொகைக்கு நடிக்கச் சங்கம் ஒரு விதித்தொகுப்பின் கீழ் இசைவு தருகிறது.

பிராட்வே ஒப்பந்தத்தில் அடங்கியவை

ஊதியம்: ஊதியம் வாரக் கணக்கில் வழங்கப்படும். 2020களின் தொடக்கத்தில் பிராட்வே நடிகரின் குறைந்தபட்ச ஊதியம் வாரத்துக்கு 2,000 டாலரைத் தாண்டியிருந்தது. ஒத்திகை வாரங்களுக்கும் ஊதியம் உண்டு. இத்தொகை பெரிதாகத் தோன்றலாம். ஆனால் நாடகம் நின்றால் ஊதியமும் நிற்கும். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் வேலை கிடைப்பவர்களே உறுப்பினர்களுள் மிகப் பலர்.

கூடுதல் பொறுப்பு: முதன்மை நடிகர் வராத நாளில் அவர் பாத்திரத்தை ஏற்கத் தயாராக இருப்பவர் மாற்று நடிகர். கோரஸில் உள்ள பலருடைய இடங்களையும் கற்றுவைத்து, யார் வராவிட்டாலும் அந்த இடத்தில் நிற்பவர் ‘ஸ்விங்’ எனப்படுவார். நடனங்கள் மாறாமல் காப்பவர் நடனத் தலைவர். ஆபத்தான சாகசம் செய்பவரும் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் அடிப்படை ஊதியத்துக்கு மேல் கூடுதல் தொகை வரையறுக்கப்பட்டுள்ளது. பாத்திர நடிகரின் ஒப்பந்தத் தாள் வெள்ளை நிறத்திலும் கோரஸ் கலைஞரின் தாள் இளஞ்சிவப்பு நிறத்திலும் இருந்ததால் ‘வெள்ளை ஒப்பந்தம்’, ‘பிங்க் ஒப்பந்தம்’ என்பவை தொழில்வழக்காயின.

நேரம்: ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு. பல அரங்குகளில் அது திங்கட்கிழமை. ஒரு நாள் பணி முடிந்து மறுநாள் பணி தொடங்கும் வரை பொதுவாக 12 மணி நேர இடைவெளி வேண்டும். ஒத்திகையில் 55 நிமிடம் உழைத்தால் 5 நிமிடம், அல்லது 80 நிமிடம் உழைத்தால் 10 நிமிடம் இடைவேளை தர வேண்டும். ஒளி, ஒலி, அரங்க அமைப்பு ஆகியவற்றை இணைத்துப் பார்க்கும் இறுதிக் கட்ட ஒத்திகைகளில் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பத்து மணி நேரம் வரை வேலை வாங்கலாம். ‘பன்னிரண்டில் பத்து’ என்று தொழிலாளர் களைப்புடன் கூறுவது இந்த நாள்களையே.

பாதுகாப்பு: கான்கிரீட் தரையின் மேல் நேரடியாக நடனம் ஆடச் செய்யக் கூடாது, இடையில் நெகிழும் தளம் வேண்டும். பார்வையாளரை நோக்கிச் சரிவாக அமைந்த மேடைக்கும், மேடையில் பயன்படுத்தும் புகைக்கும் தனி விதிகள் உள்ளன. மூட்டும் தொண்டையும் நடிகரின் கருவிகள். அவை பழுதானால் தொழிலும் போகும் என்பதே இவ்விதிகளுக்கு அடிப்படை.

பிணைத்தொகை: ஒத்திகை தொடங்கும் முன்பே தயாரிப்பாளர் குறிப்பிட்ட வாரங்களின் ஊதியத்துக்கும் பிற உரிமைகளுக்கும் ஈடான தொகையைச் சங்கத்திடம் பிணையாக வைக்க வேண்டும். நிறுவனம் திடீரென மூடப்பட்டால் அதிலிருந்து நடிகர்களுக்கு ஊதியம் வழங்கப்படும். வெளியூரில் கைவிடப்பட்ட பழைய நாள்களின் நினைவு இந்த விதியில் பொதிந்துள்ளது.

ஓய்வூதியமும் மருத்துவமும்: 1960 ஜூன் மாதம் பிராட்வே அரங்குகள் ஏறக்குறைய இரண்டு வாரம் இருண்டு கிடந்தன. அந்தப் போராட்டத்தின் விளைவாக ஓய்வூதிய நிதி ஏற்பட்டது. மருத்துவக் காப்பீட்டுக்கும் தயாரிப்பாளர்கள் பங்களிக்கின்றனர். ஆனால் ஆண்டில் வரையறுத்த எண்ணிக்கையிலான வாரங்கள் ஈக்விட்டி ஒப்பந்தத்தில் பணிபுரிந்தவருக்கே காப்பீடு கிடைக்கும். 2020 மார்ச் 12 அன்று கொரோனா தொற்றால் பிராட்வே மூடப்பட்டு ஓராண்டுக்கு மேல் திறக்கப்படாமல் இருந்தபோது, ஊதியத்துடன் காப்பீட்டையும் இழக்கும் நிலை பலருக்கு ஏற்பட்டது இதனால்தான்.

ஒப்பந்தம் நடைமுறையாகும் விதம்

விதி எழுதுவது எளிது, காப்பது அரிது. ஒவ்வொரு நாடகத்திலும் நடிகர்கள் தமக்குள் ஒருவரைச் சங்கப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். தேர்தலின்போது தயாரிப்பாளர் தரப்பினர் அறையில் இருப்பதில்லை. உடை மாற்றும் அறையில் வெப்பமில்லை, இடைவேளை தரப்படவில்லை போன்ற குறைகளை அவரிடம் கூறினால் அவர் சங்கத்துக்குத் தெரிவிப்பார். குறை கூறியவர் யார் என்பது வெளிவராமல் இருப்பது இதன் பயன்.

மேடை மேலாளரும் இதே சங்கத்தின் உறுப்பினர் என்பது குறிப்பிடத்தக்கது. இடைவேளை நேரத்தைக் கடிகாரம் பார்த்து அறிவிப்பவர் அவரே. காட்சிக்கு அரை மணி நேரம் முன்பு நடிகர்கள் வருகைத் தாளில் கையொப்பமிட்டிருக்க வேண்டும் என்பதைக் கவனிப்பவரும் அவரே. ஒப்பந்தம் தயாரிப்பாளரை மட்டும் கட்டுப்படுத்துவதன்று. காலம் தவறாமை, இயக்குநர் அமைத்தபடி நடித்தல், விலகுவதற்கு எழுத்து மூலம் முன்னறிவித்தல் ஆகியவை நடிகரின் கடமைகள்.

நிறப்பாகுபாட்டுக்கு எதிராக

ஒப்பந்தத்தின் வலிமை ஊதியத்தோடு நிற்கவில்லை. வாஷிங்டன் நகரின் நேஷனல் தியேட்டர் 1940களில் கறுப்பினத்தவரைப் பார்வையாளராக அனுமதிப்பதில்லை. இந்நிலை மாறாவிட்டால் 1948 ஆகஸ்ட் முதல் தம் உறுப்பினர்கள் அங்கு நடிக்கமாட்டார்கள் என்று ஈக்விட்டி அறிவித்தது. உரிமையாளர் அரங்கைத் திரைப்படக் கொட்டகையாக மாற்றினாரே தவிர இறங்கிவரவில்லை. 1952இல் அது எல்லா இனத்தவருக்கும் உரிய நாடக அரங்காக மீண்டும் திறக்கப்பட்டது. நாலாண்டு காலம் தம் உறுப்பினர்களின் வேலை வாய்ப்பு ஒன்றை இழந்து சங்கம் நின்ற நிலை இது. இனப்பாகுபாடு காட்டும் அரங்கில் எந்த உறுப்பினரையும் பணிபுரியக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற பிரிவு 1961இல் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது.

சர்ச்சைகள்

மிஸ் சைகோன் (1990): இலண்டனில் வெற்றி பெற்ற இந்த இசைநாடகத்தில் ஆசிய-ஐரோப்பியக் கலப்பினப் பாத்திரம் ஒன்றில் வெள்ளையரான ஜொனாதன் பிரைஸ் நடித்தார். வெளிநாட்டு நடிகர் பிராட்வேயில் நடிக்கச் சங்கத்தின் இசைவு தேவை. 1990 ஆகஸ்ட் 7 அன்று சங்கம் இசைவு மறுத்தது. ஆசிய அமெரிக்க நடிகர்களுக்கு எப்போதோ கிடைக்கும் பெரும் பாத்திரமும் பறிபோகிறது என்பது அதன் வாதம். தயாரிப்பாளர் கேமரன் மாக்கின்டோஷ் நாடகத்தையே கைவிடுவதாக அறிவித்தார். அப்போது முன்பதிவு ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலர். நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள் கையெழுத்திட்டு மறுபரிசீலனை கோரினர். ஒன்பது நாளில் சங்கம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. நாடகம் 1991 ஏப்ரலில் தொடங்கியது. பிரைசுக்கு டோனி விருதும் கிடைத்தது. சங்கம் தோற்றதாகவே பலர் கருதினர். ஆயினும் வெள்ளையர் ஆசிய வேடமிடுவது சரியா என்ற கேள்வி அதன் பின் மேடையை விட்டு அகலவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸ் சிறு அரங்குகள் (2015): அந்நகரில் 99 இருக்கைகளுக்கு மேற்படாத அரங்குகளில் உறுப்பினர்கள் காட்சிக்குச் சில டாலர் மட்டும் பெற்று நடிக்கப் பல ஆண்டுகளாக இசைவு இருந்தது. திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் பிழைப்பவர்கள் கலை ஆர்வத்தால் அங்கு நடித்தனர். இனிச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும் என்று சங்கம் முன்மொழிந்தது. உள்ளூர் உறுப்பினர்களிடம் கருத்து வாக்கெடுப்பு நடத்தியபோது மூன்றில் இரு பங்கினர் எதிர்த்து வாக்களித்தனர். அது கட்டுப்படுத்தும் வாக்கு அன்று என்பதால் சங்கத்தின் அவை மாற்றத்தை நிறைவேற்றியது. உறுப்பினர்களுக்கு எனச் சில விலக்குகளும் தந்தது. மேலே கண்ட அடிப்படை விதியின் கடினமான பக்கம் இதில் தெரிகிறது. தரை தன்னைக் காக்கிறது என்று ஒருவர் கருதும் இடத்தில், அதே தரை தன் மேடையை மூடுகிறது என்று மற்றொருவர் கருதுகிறார். இருவரும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்.

ஆய்வு ஒத்திகைகள் (2019): ஒரு புதிய இசைநாடகம் பிராட்வேக்கு வரும் முன் பல மாதங்கள் ஒத்திகைக் கூடத்தில் உருவாகிறது. அங்கு நடிகர்கள் கூறும் யோசனைகளும் செய்துகாட்டும் அசைவுகளும் நாடகத்தில் நிலைத்துவிடும். 1975இல் வெளிவந்த ‘எ கோரஸ் லைன்’ நடனக் கலைஞர்கள் தம் வாழ்க்கையைத் தாமே பேசிப் பதிவு செய்ததிலிருந்து பிறந்தது. பின்னாளில் இத்தகைய பணிக்கு ‘லேப்’ என்ற ஒப்பந்தம் பெருகியது. அதில் வார ஊதியம் உண்டு. இலாபத்தில் பங்கு இல்லை. 2016இல் ‘ஹாமில்டன்’ நாடகத்தின் முதற்குழுவினர் தனியே பேசி இலாபப் பங்கு பெற்றது மற்றவர்களுக்கு வழிகாட்டியது. 2019 ஜனவரியில் லேப் பணிகளைப் புறக்கணித்துச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. பிப்ரவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வெற்றி பெறும் நாடகங்களின் இலாபத்தில் 1 விழுக்காடு அவற்றை உருவாக்க உதவிய கலைஞர்களுக்குப் பகிரப்படும்.

சட்டத்தின் எல்லை

சங்கத்தின் அதிகாரத்துக்கு நாட்டுச் சட்டம் வரம்பிட்டுள்ளது. ஏற்கனவே உறுப்பினராக உள்ளவரை மட்டுமே வேலைக்கு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் தடை செய்தது. எனவே தயாரிப்பாளர் யாரையும் தேர்ந்தெடுக்கலாம். தேர்வானவர் வேலையில் சேர்ந்த பின் சங்கத்துக்குரிய கட்டணத்தைச் செலுத்த வேண்டும். டெக்சாஸ், புளோரிடா போன்ற சில மாநிலங்களில் அதனையும் கட்டாயமாக்க இயலாது. ஒப்பந்தத்தின் பயன் மட்டும் உறுப்பினர், உறுப்பினரல்லாதார் என்ற வேறுபாடின்றி அவ்வேலையில் உள்ள அனைவருக்கும் உரியது.

சங்கம் சாராத சுற்றுப்பயணங்களும் நடைபெறுகின்றன. 2001இல் ‘தி மியூசிக் மேன்’ சங்கத்தில் சேராத நடிகர்களைக் கொண்டு ஊர் ஊராகச் சென்றபோது, பிராட்வே பெயரைச் சொல்லிச் சீட்டு விற்றுக் குறைந்த ஊதியம் தருவதாக ஈக்விட்டி எதிர்ப்புத் தெரிவித்தது. அதன் பின் சிறிய சுற்றுப்பயணங்களுக்கு வருவாய்க்கேற்ப ஏறி இறங்கும் ஊதிய அடுக்குகளைச் சங்கம் ஏற்றுக்கொண்டது.

இன்று ஈக்விட்டியின் எல்லை நாடக மேடைக்கு அப்பாலும் விரிந்துள்ளது. 2024இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்து பூங்காவில் கதாபாத்திர வேடமிட்டு மக்களை மகிழ்விக்கும் கலைஞர்கள் வாக்களித்து இச்சங்கத்தைத் தம் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தனர். வேடத்துக்குள் இருப்பவரும் ஊதியம், ஓய்வு, பாதுகாப்பு ஆகியவை தேவைப்படும் தொழிலாளியே என்ற கருத்தின் மீதுதான் 1913இல் 112 பேர் இச்சங்கத்தைத் தொடங்கினர்.